காய் போட்ட கறிக்குழம்பு

குக்கர் மூடியைத் திறந்ததும் முருங்கைக்காயும் ஆட்டுக்கறியும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. நீ பின்னால் நிற்கிறாய் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். யாரும் இல்லை. உன் புருஷன் கூடத்தில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தான். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இருக்கும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மாமியார் இப்போது மருமகளுக்குக் கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று நீ கேட்கலாம். கேட்கமாட்டாய். எதையும் கேட்கமாட்டாய், அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

எனக்கு வாய் நீளம், தெருவுக்கே தெரியும். விருதுநகரில் மூன்று தலைமுறையாக மல்லியும் வத்தலும் விற்கிற குடும்பம் என்ற கொழுப்பு வேறு. நீ எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவளின் மகள். சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டரில் லேபிள் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாய். மசாலா பாக்கெட்டுக்கு லேபிள் ஆர்டர் கொடுக்க வந்த என் மகன், கட்டினால் உன்னைத்தான் கட்டுவேன் என்று நின்றான். சரி என்றேன். சொன்னேனே தவிர, மனசு ஆறவில்லை.

கல்யாணமாகி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. என் அண்ணன் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். இன்றைக்கு நான் சமைக்கிறேன் என்று நீயாகத்தான் வந்து கேட்டாய். சட்டியைத் திறந்தால் கறியோடு முருங்கைக்காய், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, ஒரு கை மொச்சை. எங்கள் வீட்டில் கறிக்குழம்பில் கறி மட்டும்தான் கிடக்கும். காய் போட்டால், வாங்கின கறி காணவில்லை என்று அர்த்தம். அண்ணன் பெண்டாட்டி எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தாள். எனக்கு மானம் போய்விட்டது.

"கறி வாங்க வக்கில்லாத வீட்டுக் கொழம்ப இங்கன வைக்காத," என்றேன். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"சரிங்கத்தே," என்றாய்.

அதோடு விட்டேனா? பாத்திரம் தேய்க்க வருகிறவளைக் கூப்பிட்டு, சட்டியோடு தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. மறுபடி கறி எடுத்துவரச் சொல்லி நானே குழம்பு வைத்தேன். எல்லோரும் சாப்பிட மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. நீ வெங்காயம் உரித்துக் கொடுத்தாய், மசாலா அரைத்துக் கொடுத்தாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் என் குழம்பைத்தான் வைத்தாய். வத்தலை வறுக்கிற பதம்கூடப் பிசகாது. நீ வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு அண்ணன், தங்கச்சி கைப்பக்குவமே தனி என்பார். நான் வாயை மூடிக்கொண்டு அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்வேன். நீ தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பாய்.

ஐந்து நாள் காய்ச்சல். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பக் கொண்டுவந்தோம். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

துக்க வீட்டில் பதினாறு நாள் கறி சமைப்பதில்லை. காரியம் முடிந்ததும் பிறந்த வீட்டார் கறி எடுத்துவந்து சமைத்துப் போட்டுத் துக்கம் முறிக்க வேண்டும். உன் அம்மா புதுப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தாள். கறிப் பை ஒரு கையில், காய்ப் பை ஒரு கையில். என் அடுப்படியில் நின்று கத்தரிக்காயைப் பிளந்து தண்ணீரில் போட்டாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது? முதல் இலை எனக்குத்தான் போட்டாள்.

அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் குழம்பைச் சாப்பிட்டேன். கறியின் சாறெல்லாம் உருளைக்கிழங்குக்குள் இறங்கியிருந்தது. முருங்கைக்காயைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டேன். வெட்கம் கெட்டவள் நான், நன்றாக இருந்தது. சின்ன வயசில் உன் பங்குக் கறியைத் தம்பி இலையில் தள்ளிவிட்டு, எனக்குக் காய் போதும் என்பாயாம். சொல்லிக்கொண்டே வந்த உன் அம்மா கரண்டியோடு என் பக்கத்தில் குனிந்தாள்.

"எங்க அத்த இந்தக் கொழம்புன்னா விரும்பிச் சாப்பிடுவாகன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. இன்னும் கொஞ்சம் ஊத்தவா மதினி?"

நான் அவள் வீட்டுக் குழம்பைத் தூக்கி வெளியே கொடுத்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. ஒன்பது வருஷம் நீ தெரியவிடவில்லை.

"ஊத்துங்க மதினி," என்றேன். உன் பொய்யை நானும் ஒருமுறை சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு நானே காய் வாங்கி நறுக்கினேன். பக்குவம் தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதில் கத்தரிக்காய் கரைந்தே போயிற்று. உன் புருஷனுக்குப் பரிமாறினேன். ஒரு வாய் வைத்தான். கை அப்படியே நின்றது. அவள் வைக்கிற மாதிரி இல்லை என்றான்.

"நீ எப்பலே சாப்பிட்ட?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். மாதம் ஒருமுறை நான் சாத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்ச் சனியும் ஞாயிறும் தங்குவேன் அல்லவா, அந்த ஞாயிறுகளில் நீ இதைத்தான் வைப்பாயாம். நான் வருவதற்குள் சட்டியைத் தேய்த்து, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிடுவீர்களாம்.

"வாசம் போயிருச்சான்னு என்னயத் தெருவுல போயி நின்னு மோந்து பாக்கச் சொல்லுவாம்மா. மொதல்ல பயந்துதான் செஞ்சோம். அப்புறம் அதுவே எங்களுக்கு ஒரு வெளாட்டாப் போச்சு."

ஏழு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அந்தத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

பயந்தீர்கள் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை, தாயி. எனக்கு எல்லோரும் பயப்படுவார்கள். இந்த வீட்டுக்குள் நீ சிரித்து விளையாடினாய் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று. மகள் ஒவ்வொரு தடவையும், இன்னும் ஒரு வாரம் இரும்மா என்று கையைப் பிடித்துக்கொள்வாள். நான் இல்லாமல் அங்கே வீடு என்ன கதியில் கிடக்கிறதோ என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே பஸ் ஏறி ஓடிவந்துவிடுவேன். ஒரு தடவையாவது அவள் சொன்னதைக் கேட்டு அங்கேயே இருந்திருக்கலாம். உங்களுக்கு இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்திருக்கும்.