பூட்டிய அறுவை அறையும் ஆபீசர் விழுங்கிய நூலும்

அனுப்புநர்:
பெண்கள் உடை தைக்கும் தையற்காரி,
மாடிப்படிக்குக் கீழுள்ள கடை,
அரசு கால்நடை மருத்துவமனைக்கு மூன்று தெரு தள்ளி.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
கால்நடை மருத்துவத் துறை.

பொருள்: மருத்துவமனையின் அறுவை அறையைத் திறந்துவிடவும், என் நாயைப் பிழைக்க வைத்த டாக்டரம்மாவிடம் விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெறவும் வேண்டி.

பார்வை: இம்மாதம் பதினான்காம் தேதியிட்ட மேற்படி கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஒரு மன்னிப்பு. என் நாயின் பெயர் ஆபீசர். யாரையும் மனதில் வைத்து வைத்த பெயர் அல்ல. யார் வந்து நின்றாலும் எழுந்திருக்காமல் வெட்டு மேசைக்கு அடியில் படுத்திருப்பதால், என்னோடு தைக்கும் என் நாத்தனார் வைத்தது. தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. இம்மாதம் இரண்டாம் தேதி, குழந்தைக் கவுன் ஒன்றுக்குச் சுருக்கு வைத்துக்கொண்டிருந்தேன். துணியில் நீளமாக ஓட்டுத் தையல் போட்டு நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால், துணி மடிப்பு மடிப்பாகக் கூடி வரும். அதுதான் சுருக்கு. வீணான துண்டு ஒன்றில் நாத்தனார் சாப்பிட்ட கையைத் துடைத்துக் கீழே போட்டிருக்கிறார். ஆபீசர் அதை நூலோடு விழுங்கிவிட்டது. நான் பார்த்தபோது வாயோரத்தில் ஒரு சாண் நூல் தொங்கியது. தொங்கும் நூலைக் கண்டால் இழுப்பது முப்பத்தொரு வருடக் கைப்பழக்கம். இழுத்தேன். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். அது கத்திய கத்தலை என்னால் இங்கே எழுத முடியாது.

3. இரண்டு நாள் வாந்தி. மூன்றாம் நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. தனியார் மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து, இன்றே வயிற்றைத் திறக்காவிட்டால் நாளை தாங்காது என்றார்கள். அவர்கள் கேட்ட தொகைக்கு என் இயந்திரங்கள் இரண்டையும் விற்றிருக்க வேண்டும். நாத்தனார் அந்த நாயைத் தண்டச்சோறு என்று வாய்க்கு வாய் திட்டுபவர். அன்று அதைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிக்கொண்டு, "இப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போக என்னால ஆகாது அண்ணி" என்றார்.

4. எனவே அரசு மருத்துவமனைக்கு வந்தோம். அறுவை அறை பூட்டியிருந்தது. விசாரித்ததில், அறையின் பெரிய விளக்கு எரியாததால் பதினேழு மாதம் முன்பு பூட்டப்பட்டதாகச் சீட்டு எழுதுபவர் சொன்னார். விளக்கு கேட்டு நான்கு முறை எழுதினார்களாம். அறை பயன்பாட்டில் இல்லாததால் விளக்கு ஒதுக்க இயலாது என்று பதில் வந்ததாம். சாவியும் தங்கள் அலுவலகத்தில் இருக்கிறதாம். கிணற்றில் நீர் வந்தால்தான் கயிறு, கயிறு வந்தால்தான் நீர் என்பது போல இருக்கிறது ஐயா. இதுவே என் முதல் புகார்.

5. டாக்டரம்மா ஆபீசரின் நாக்கைத் தூக்கிக் காட்டினார். அடியில் நூல் சுற்றியிருந்தது. அவர் கேட்டதும் சொன்னதும் இவ்வளவுதான்: "இழுத்தீங்களாம்மா? இனிமே இழுக்காதீங்க. எங்க மாட்டியிருக்குன்னு பார்த்து, அங்கதான் வெட்டணும்." நோயாளிகளைப் பரிசோதிக்கும் மேசையைக் கழுவித் துடைத்தார். உதவியாளர் விடுப்பில் இருந்தார். வெளிச்சம் போதவில்லை என்றார். நாத்தனார் ஓடிப்போய் என் தையல் இயந்திர விளக்கைக் கழற்றி வந்தார். டாக்டரம்மா ஆபீசருக்கு மயக்க ஊசி போட்ட பிறகு, விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

6. ஐயா, அதன் பிறகு நான் பார்த்ததை அலுவலக மொழியில் எழுதத் தெரியவில்லை. மன்னிக்கவும். திறந்த வயிற்றுக்குள் குடல் முழுக்கச் சுருக்கு விழுந்திருந்தது. கவுனுக்கு வைப்பது போலவே, மடிப்பு மடிப்பாக. நான் இழுத்ததும் அதற்கு ஒரு காரணம். நிறம் செத்துப்போய்க் கருநீலமாக இருந்தது. முதலில் நாக்கடியில் நூலை வெட்டினார். பிறகு குடலில் மூன்று இடத்தில் விரல் நகம் அளவுக்குத் திறந்து, ஒவ்வொரு இடத்திலும் நூலை வெட்டி, துண்டு துண்டாக, இழுக்காமல் எடுத்தார். கடைசித் துண்டு அந்தத் துணியோடு வந்ததும் மடிப்புகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. வளைந்த ஊசியால் அவர் போட்ட தையலைப் போல ஒன்று நான் இதுவரை போட்டதில்லை. எனக்குத் தப்பினால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். அவருக்கு அந்த வசதி கிடையாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலம் வெளுத்து இளஞ்சிவப்பு ஏறியது. குடல் தானாக ஒரு முறை அசைந்தது. மீண்டும் அசைந்தது. இத்தனை வேலை நடக்கும் ஓர் உயிரா என் கால்மாட்டில் தூங்கிக்கொண்டிருந்தது என்று திகைத்துப்போனேன். இன்னும் அந்தத் திகைப்பு போகவில்லை. இப்போதெல்லாம் அது கொட்டாவி விட்டால்கூட ஊசியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன்.

7. இரண்டாவது புகார் என்மீதே. நன்றி சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை. மருத்துவமனைக் கருத்துப் புத்தகத்தில், எந்த மேசை, எந்த விளக்கு, யார் பிடித்தார்கள் என்று ஒன்றுவிடாமல் இரண்டு பக்கம் எழுதினேன். அதை வைத்தே, அனுமதியில்லாத இடத்தில் அறுவை செய்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். தையல் பிரிக்கப் போன அன்று சீட்டு எழுதுபவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டரம்மா வழக்கம்போலத் தையலைப் பிரித்தார். ஆபீசரின் காதைத் தடவிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். பாராட்ட எடுத்த பேனா அவர் பிழைப்புக்கே வினையாகிவிட்டது.

8. தொங்கும் நூலைக் கண்டால் கை தானாகப் போகும், எனக்குப் போயிற்று. தாங்களும் இழுத்துவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மாட்டியிருக்கும் இடம் டாக்டரம்மா அல்ல, அந்த அறையின் பூட்டு. தயவுசெய்து அங்கே வெட்டுங்கள்.

9. என் இயந்திர விளக்கை மருத்துவமனையிலேயே விட்டுவந்திருக்கிறேன். இப்போது வெளிச்சம் உள்ளவரை மட்டும் தைக்கிறேன். தங்கள் விளக்கு வந்து சேர்ந்த பிறகு என்னுடையதைத் திருப்பித் தந்தால் போதும், அவசரமில்லை.

நாள்: பத்தொன்பதாம் தேதி, பகல்.
இடம்: கடை, வாசலோரம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்
தையற்காரி (ஒப்பம்)

சாட்சி: நாத்தனார் (ஒப்பம்)

இணைப்பு: ஆபீசரின் உள்ளிருந்து எடுத்த நூல், நான்கு துண்டுகள், துவைத்தது. முனைகளைப் பார்க்கவும். ஒன்றுகூட அறுந்ததில்லை, எல்லாம் வெட்டியவை.