கள்ளுக் கலயத்தில் மரநாய்

வெள்ளிக்கிழமை, இரவு.

மரநாயைப் படம் பிடிக்க நேற்று இரவு மாடிக் கைப்பிடியில் தானியங்கிக் கேமராவைக் கட்டி, அதன் முன்னால் பூவன்பழமும் வைத்திருந்தேன். அது பழத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. எதிர்த் தென்னையில், கள்ளுக் கலயத்துக்குள் தலையை விட்டபடி படத்தில் சிக்கியிருந்தது.

காலையில் கள் இறக்க வந்த மாரிமுத்துவிடம் தயங்கித்தான் காட்டினேன். கோபத்தில் பொறி வைத்துவிடுவாரோ என்று பயம். மனுஷன் துள்ளிக் குதித்தார்.

“ஏனுங்க, கள்ளு கொறைஞ்சா நாந்தான் குடிச்சுப்போட்டேன்னு ஊட்டுல தெனமும் சண்டைங்க. இதை மொதல்ல அவளுக்கு அனுப்புங்க!”

அனுப்பினேன். இப்போதுதான் அவர் மனைவியின் பதில் வாய்ஸ் மெசேஜாக வந்தது.

“இது ஒரு ராத்திரிப் படந்தானுங்க. மத்த ராத்திரிப் படமெல்லாம் காணோமுங்களே?”

கழற்றி வைத்த கேமராவை, தென்னையைப் பார்த்தபடி மறுபடி கட்டிவிட்டு வந்திருக்கிறேன். இந்த முறை பழம் வைக்கவில்லை.