ஆவாரந்தொட்டியில் நனைந்த ஆணி

வேலூர்,
ஆகஸ்ட், 1938.

அன்புள்ள மகன் இன்பசேகரனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகமாயிருக்கிறோம். ரங்கூனில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். சுகம் என்ற வார்த்தையை எப்போதும் யோசிக்காமல் எழுதிவிடுவேன். இன்று எழுதியபின் ஆஸ்பத்திரிக் கட்டிலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில் சகீனாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். ஆகவே எழுதியது சரிதான்.

அம்மாவுக்கு ஆணி வேண்டாம், புறப்பட்டு வரட்டுமா என்று நீ அடித்த தந்தி கிடைத்தது. ஆம்பூர் வீட்டுக்கு வந்ததை இருதயராஜ் மாமா ரயிலேறிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அப்போது ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்றிருந்தேன். பிரித்துப் படித்து முடிக்கவில்லை, கதவுக்கு உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. தச்சுப் பட்டறையில் கேட்கிற அதே சத்தம். கத்திக்கு என் மனம் தயாராயிருந்தது, சுத்தியலுக்கு இல்லை. அடிபடுவது உன் அம்மாவின் எலும்பு என்று நினைத்ததும் தந்தி கையைவிட்டு விழுந்ததுகூடத் தெரியவில்லை. மாமா சுவரோரமாகவே உட்கார்ந்துவிட்டார். "இன்னா மச்சான் இது, உள்ள மனுசாளத்தான வெச்சிக்கினு இருக்காங்க, பொட்டியா செய்றாங்க" என்று கேட்டார். இன்றுவரை கதவை யாராவது தட்டினால் எனக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது.

உன்னைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் செய்துவிட்டார்களே என்று கோபப்படுவாய். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு கோபப்படு. மழையன்று கோயில் படியில் சறுக்கி விழுந்தவளைத் தூக்கும்போதே ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. தோல் பதனிடும் டேனரி முதலாளி அப்துல் வஹீத் சாயபு தம் மோட்டாரிலேயே வேலூருக்கு அனுப்பிவைத்தார். இங்கே டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஆட்டுக்கல் குழியில் குழவி உட்கார்ந்திருப்பதுபோல இடுப்புக் கிண்ணத்தில் தொடையெலும்பின் தலை உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தலைக்குக் கீழே கழுத்துபோல ஒடுங்கிய இடம் முறிந்து, தலை தனியாக நிற்கிறது. பழைய முறைப்படி மணல் மூட்டை கட்டிக் காலை இழுத்து மாதக்கணக்கில் படுக்கவைத்தால், இந்த வயதில் படுக்கைப்புண்ணோ நெஞ்சுச் சளியோ வந்து முக்கால்வாசிப் பேர் எழுந்திருப்பதில்லை என்றார். புது முறையில் ஒரு நீள ஆணியைத் தொடைப்பக்கமிருந்து கழுத்து வழியாகத் தலைக்குள் அடித்து இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க வைப்பார்களாம். ஆணி உருண்டையல்ல, நீளவாட்டில் மூன்று விளிம்பு உண்டு. என் வகுப்பில் ஒற்றை ஆணியில் மாட்டிய பூகோளப் படம் காற்றில் சுற்றிக்கொண்டே இருக்குமே, உருண்டை ஆணியானால் எலும்பின் தலையும் அப்படிச் சுற்றும், விளிம்பு இருந்தால் சுற்றாது. தேய்ந்துபோன மூட்டுக்கு வெளிதேசத்தில் கண்ணாடிக் கிண்ணமே கவிழ்த்துப் பார்க்கிறார்களாம். அதைக் கேட்டு உன் அம்மா அந்த வலியிலும், "கண்ணாடி யாருக்கு வேணும், நான் துணி துவைக்கிறவ, ஒடஞ்சிடும்" என்கிறாள்.

ஆனால் ஆணிக்கும் அவள் சம்மதிக்கவில்லை. அறுப்பதற்குப் பயமில்லை, இரும்புக்குத்தான் பயம். டேனரி மேஸ்திரி வீட்டில் பிறந்தவள் அல்லவா. தோல் ஊறும் ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஒரு துரு ஆணி விழுந்தால் தோல் கறுத்துப்போகும் என்று உனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் கடுக்காயோடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சினோமே, அதே சங்கதிதான். "செத்த தோலுக்கே ஆகாத இரும்பு, உசுரோட இருக்கிற சதைக்கு ஆவுமா" என்று கேட்டாள். இது துருப்பிடிக்காத புது எஃகு என்றார் டாக்டர். "அப்போ என் எலும்புல எறங்கறதுக்கு முன்னாடி தொட்டியில ஒரு முழுக்கு போட்டுட்டு வரட்டும்" என்றாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. உடம்புக்குள் ஆவாரம்பட்டை இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. "விடுங்க சார், எந்த உலோகத்தை உடம்பு தாங்கும்னு எங்க வாத்தியார்களே இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லி, அம்மாவுக்கு அளவு பத்தாத ஓர் ஆணியை எடுத்துக் கொடுத்தார்.

மாமா அதை வஹீத் சாயபு டேனரிக்குக் கொண்டுபோனார். பட்டைத் தண்ணீர் நிரம்பிய இரண்டு சட்டிகளில் ஒரே தோலின் இரண்டு துண்டுகள். ஒன்றில் டாக்டரின் ஆணி, ஒன்றில் மாட்டு லாட ஆணி. மாமா உள்ளுக்குள் இரண்டும் கறுக்க வேண்டுமென்றே நினைத்திருந்தார். அக்காளை அறுக்கக்கூடாது என்று அவருக்கு எண்ணம். கொண்டுவந்து கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. லாட ஆணித் துண்டில் மை கொட்டினதுபோல் கறுப்பு. மற்றது சுத்தமாக இருந்தது. அம்மா இரண்டையும் மோந்து பார்த்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "கையெழுத்து எங்க போடணும்" என்றாள். அதற்குமேல் உன் பதிலுக்கோ என் தைரியத்துக்கோ அவள் காத்திருக்கவில்லை.

ஆபரேஷனுக்கு மறுநாளே அவளைத் தூக்கி உட்காரவைத்தார்கள். வீல் என்று கத்துவாள் என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். காப்பி கேட்டாள். புதிதாக எடுத்த படத்தில் எலும்புக்குள் ஆணி வெள்ளையாகத் தெரிகிறது. நாற்பது வருஷமாக என்னோடு நடந்தவளுக்குள் அதைப் பார்த்ததும் அவளுக்கு வைத்திருந்த தண்ணீரை நான் குடித்தேன். இன்னும் காலை ஊன்றக்கூடாது. எலும்பு ஒட்டும்வரை ஆணி நகரலாம், ஒட்டாமலும் போகலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அந்தப் பயம் எனக்குப் போகவில்லை.

வேலையை விட்டு இப்போதே ஓடிவராதே. கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டுவை. அங்கே மழையில் வழுக்குகிற மரப்படிகளில் பார்த்து இறங்கு, மருமகளையும் குழந்தையோடு கைப்பிடியைப் பிடித்து இறங்கச் சொல். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. குழந்தைக்கு எங்கள் முத்தம்.

"அவனுக்கு எழுத்துல சொன்னா ஏறாது, தோலைக் காட்டுங்க" என்று அம்மா சொன்னதால் இரண்டு துண்டுகளையும் இந்த உறையில் வைத்திருக்கிறேன். கறுத்ததை எறிந்துவிடு. சுத்தமானதைத் தபாலில் அனுப்பாமல் வரும்போது நீயே கொண்டுவர வேண்டுமாம். அன்றைக்கு வாசல்வரை நடந்து வந்து உன் கையிலிருந்து அவளே வாங்கிக்கொள்வாளாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
சத்தியநாதன்