ரொட்டி தின்னாத ரொட்டிக்காரர்

என் அருமை மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ உடம்பும் மனசுமாக நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன், அப்படி இல்லையென்றால் உடனே எழுது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். சௌக்கியம் என்றால் பழைய சௌக்கியம் இல்லை, நீ அனுப்பி வைத்த புதுச் சௌக்கியம், வயிறு காலியாகவும் வாய் ஓயாமலும் இருக்கிற சௌக்கியம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னோடு நான் என்றைக்குத் தனியாகப் பேசியிருக்கிறேன், மணி அடித்ததும் உன் அப்பா மாவுக் கையோடு ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய எடை எத்தனை கிலோ இறங்கியது என்று செய்தி வாசிப்பு தொடங்கிவிடுகிறது. அதனால் அவர் உள்ளே அடுப்போடு இருக்கும் நேரமாகப் பார்த்துக் கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், நடுவில் யாராவது பன் கேட்டு வந்தால் எழுத்து கோணலாகும், பொறுத்துக்கொள். போன மாதத்திலிருந்து நீ அப்பா மேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டு ஆசையாகப் போனில் வந்து காட்டினால் அவர் கேலி செய்தார் என்றுதானே கோபம், அதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் உன் ஆதிமனிதன் கதையைக் கேள்.

நாலு மாதத்துக்கு முன்னால் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னேன், அது என் தப்பு. மறுநாளே பேலியோ என்று ஒரு பட்டியல் வந்து இறங்கியது. குகையில் இருந்தவன் எதைத் தின்றானோ அதைத்தான் தின்ன வேண்டும், கறி, மீன், முட்டை, காய், கொட்டை, கொஞ்சம் பழம். மாவு கூடாது, பருப்பு கூடாது, பால் கூடாது, சர்க்கரை கூடவே கூடாது. உலகத்தில் எத்தனையோ தொழில் செய்கிறவர்கள் இருக்க, முப்பத்தோரு வருஷம் ரொட்டி சுட்டே உன்னைப் படிக்க வைத்து விமானம் ஏற்றி விட்ட மனிதருக்கு இந்தப் பட்டியலை அனுப்ப உனக்குத்தான் மனசு வரும். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ மகள் சொல்லிவிட்டாள் என்று அதை நகல் கடையில் கொடுத்து, ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலத்துக்கு அச்செடுத்து, மாவு மூட்டைகளுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டார். மாவு கூடாது என்கிற வரிக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் தினமும் நாற்பது கிலோ மாவு பிசைகிறார்.

காலையில் வெண்ணெய் போட்ட டீ. ஆதிமனிதன் மாடு கறக்கவில்லை என்று பாலை நிறுத்தினாய் சரி, வெண்ணெய்க்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறாயே, அவன் அதை யாரிடம் வாங்கினான் என்று எழுத மறந்துவிட்டாய். அப்புறம் ஒரு வேளைக்கு நூறு பாதாம், எண்ணி ஊறவைத்து வறுத்தது. நூறு வரை எண்ணத் தெரிந்தவன் எதற்காகக் குகையில் கிடந்தான் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. எண்ணுவதும் நான்தான், கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன் நீயே எண்ணு என்று தட்டை என் பக்கம் தள்ளிவிடுவார். மதியம் முட்டை, சாயங்காலம் கறி, மறுநாள் கறி, சாயங்காலம் முட்டை. உன் ஆதிமனிதனுக்கு வேட்டையாடுவதோடு வேலை முடிந்தது, கழுவி நறுக்கி வதக்கிப் பாத்திரம் தேய்த்தவள் யார் என்று பட்டியலில் ஒரு வரியும் காணோம். ஒரே அடுப்பில் இரண்டு சமையல் என்னால் முடியாது என்பதால் நானும் மூட்டை முடிச்சோடு குகைக்கே குடிபோனேன். ரொட்டிக் கடை வைத்திருக்கிற வீட்டில் ரொட்டி தின்கிற ஆள் ஒருவரும் இல்லாமல் போனது இப்படித்தான். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்.

உள்ளதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா ஓரவஞ்சனை செய்தாள் என்று சொல்லாதே. அப்பாவின் பெல்ட்டில் புதிதாக இரண்டு துளை போட்டாயிற்று. சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. நானும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, மத்தியானத் தூக்கம் போய்விட்டது. இதை எழுத்தில் கொடுப்பது இதுவே முதலும் கடைசியும், பத்திரமாக வைத்துக்கொள். ஆனால் இறங்கிய எடையெல்லாம் உன் அப்பாவுக்கு நாக்கில் போய் ஏறிக்கொண்டது. கல்லா முன்னால் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்துகிறார். ஒரு கையால் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, குகை மனுஷன் ரொட்டி தின்னானா, அவனுக்குச் சர்க்கரை வந்துச்சா, நான் தொடறதே இல்லீங்க என்கிறார். அடுத்த தெரு நர்ஸ் இரண்டு ரொட்டி வாங்க வந்தவள் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தப் போகிறேன் என்று ஒருநாள் கிளம்பினார், நான் போட்ட சத்தத்தில் அந்த ஆசை மட்டும் அடங்கியது. நீயும் அதைக் கண்டித்துச் சொல்லு, டாக்டர் சொல்லாமல் மாத்திரையில் கை வைக்கக் கூடாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் ரொட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். அடுப்பிலிருந்து வெளியே வருகிற முதல் ரொட்டியை அப்பா பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, தலையை ஆட்டிய பிறகுதான் மற்றவை தட்டுக்கு வரும். அடுப்பில் நிற்கிறவருக்குத்தான் அந்த உரிமை, இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு விள்ளல் நீட்டினதில்லை. பட்டியல் வந்த நாளிலிருந்து அதுவும் நின்றது. மனுஷன் விரதம் என்றால் முழு விரதம், பிய்த்து முகர்ந்து பார்ப்பதோடு சரி. மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு வாரம் செவ்வாய், புதன், வியாழன், ரொட்டி வெளிறிப்போய் வந்தது. ஏன் இப்படி என்று கேட்டதற்கு மாவு மாறியிருக்கும் என்றார், நானும் தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை பக்கத்துக் கடைத் தையல்காரர் வந்தார், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுருட்டுகிறார், பிரிக்கிறார், மறுபடியும் சுருட்டுகிறார். கடைசியில் தப்பா நினைக்காதீங்கக்கா, இந்தக் குகை வைத்தியத்த கடைக்கு வர்றவங்களுக்கும் ஆரம்பிச்சிட்டீங்களா, மூணு நாளா ரொட்டியில உப்பே இல்லையே என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று நாளும் வாங்கித் தின்ற அத்தனை பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா நடத்திய பாடத்தில் இது அடுத்த அத்தியாயம் என்று நினைத்திருக்கிறார்கள். மீந்திருந்த வியாழக்கிழமை ரொட்டி ஒன்றை அங்கேயே பிய்த்து வாயில் வைத்தேன். மூன்று மாதம் ஏங்கினதற்குக் கிடைத்தது உப்புச்சப்பில்லாத பஞ்சு.

உள்ளே போய்க் கேட்டால் போட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு என்று ஒவ்வொன்றும் போட்டதும் சுவரில் இருக்கிற சிலேட்டில் ஒரு சாக்பீஸ் கோடு இழுப்பார் இல்லையா, அதைக் காட்டி, இதோ நாலு கோடு இருக்கே என்றார். எனக்குத் தெரிந்தது மூன்று கோடும் அழிக்காமல் விட்ட பழைய கறை ஒன்றும். எது கோடு எது கறை என்று கேட்டேன். சிலேட்டை விரலால் தடவிப் பார்த்தார். இன்னொரு தடவை கேட்டேன், அப்படியே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷமாகவே கண் மங்கலாகத் தெரிகிறதாம். வலது கண்ணில் வெளிச்சம் தவிர ஒன்றும் இல்லையாம், இடது கண்ணில் எல்லாம் புகைக்குப் பின்னால் நிற்கிற மாதிரியாம். உப்பு விட்டுப்போனது இது முதல் தடவையும் இல்லை, இதற்கு முன்னால் நாலைந்து முறை நடந்திருக்கிறது. முதல் ரொட்டியைத் தின்றதும் நாக்கு காட்டிக் கொடுத்துவிடும், நான் எழுந்து வருவதற்குள் வேறு மாவு பிசைந்துவிட்டு இன்னிக்கு அடுப்பு லேட் என்று எனக்குக் காது குத்தியிருக்கிறார். கெட்டுப்போன ரொட்டியெல்லாம் ரஸ்க் ஆகியிருக்கிறது. உனக்கு மூன்று டப்பா அனுப்பினேனே, அந்த ரஸ்க்தான். உப்பு இல்லை என்று நீ சொன்னபோது அங்கே போய் உன் நாக்கு செத்துவிட்டது என்று சொன்னவள் நான். என்னை மன்னித்துவிடு. உன் பட்டியல் செய்த பெரிய காரியம் இதுதானடி, கண்ணுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த நாக்கைப் பிடுங்கிக்கொண்டது, குட்டு தானாக வெளியே வந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். சொன்னா அடுப்பை அணைக்கச் சொல்லுவீங்க ரெண்டு பேரும், அப்புறம் நான் எங்க போய் உட்காருவேன் என்றார். அவர் முழங்கையைப் பிடித்துப் பார்த்தேன், அடுப்புக் கதவில் சுட்டுக்கொண்ட தழும்பு மூன்று, ஒன்று இன்னும் ஆறவில்லை. பாதாம் எண்ணிக் கொடுத்தேனே தவிர அதை நான் பார்க்கவில்லை. கூட இருந்தே பார்க்கவில்லை, அன்றைக்கு எனக்கு என் மேல்தான் ஆத்திரம், அவரைத் திட்டித் தீர்த்துக்கொண்டேன். கண் போனால் அடுப்பு போகும், அடுப்பு போனால் இந்த மனுஷன் வெறும் சட்டை மாதிரி வீட்டில் தொங்கிக்கொண்டிருப்பார், அதை என்னால் பார்க்க முடியாது.

மறுநாளே கண் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும் என்றாள். சர்க்கரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, இப்ப செய்யலாம், நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா குறைச்சுக்கிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பியிருப்பேன் என்றாள். உன் பட்டியலுக்கு நான் மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்ட ஒரே நிமிஷம் அது, ஒரே நிமிஷம்தான். ஏனென்றால் உன் அப்பா உடனே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு அந்த டாக்டரம்மாவுக்கும் குகையைப் பற்றிப் பாடம் ஆரம்பித்துவிட்டார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாவும் இனிப்பும் குறைஞ்சதே நல்லதுதான், குகைக்கெல்லாம் போக வேண்டாம், ருசி பார்க்க ஒரு வாய் தின்னா ஒண்ணும் ஆகாது என்றாள். இவர் கேட்டால்தானே. மகள் பட்டியலில் ஒரு வாய் என்று போடவில்லையாம், ஆபரேஷன் முடிகிறவரை ஒரு விள்ளலும் கிடையாதாம்.

அதனால் இப்போது முதல் ரொட்டி எனக்கு. சிலேட்டில் கோடு இழுப்பதும் நான், பிய்த்துத் தின்பதும் நான், கடை திறந்ததும் கல்லாவில் நின்று எல்லாரும் பார்க்க இன்னொரு துண்டு தின்பதும் நான், கடைக்காரர்களே தொடாத ரொட்டி என்கிற பேச்சை வேறு எப்படி நிறுத்துவது. நர்ஸ் மறுபடியும் இரண்டு வாங்குகிறாள். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி என் எதிரில் நிற்கிறார். நான் வேண்டுமென்றே மெதுவாக மெல்லுகிறேன். நேற்று உப்பு ஒரு சிட்டிகை அதிகம் என்றேன். முப்பத்தோரு வருஷமா இப்படித்தான் போடறேன் என்றார். முப்பத்தோரு வருஷமாகவே அதிகம்தான் என்றேன். இன்றைக்குக் குறைத்துப் போட்டிருக்கிறார். சூடான ரொட்டி இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லை.

ஆபரேஷன் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி, வலது கண்ணுக்கு முதலில். மறுநாள் காலையில் கட்டு அவிழ்ப்பார்கள். அன்றைக்கு நீ இங்கே இருக்க வேண்டும். லீவு கிடைக்காது என்று சொல்லாதே, பாட்டன் பூட்டனுக்கும் முன்னால் குகையில் இருந்தவன் என்ன சாப்பிட்டான் என்று தேடிப் படிக்க உனக்கு நேரம் இருந்தது, குகைக்குள் இருக்கிற அப்பாவைப் பார்க்கவும் நேரம் இருக்கும். உன் முடி விஷயத்துக்கு வருகிறேன். எப்படி இருக்கிறதுப்பா என்று நீ கேட்டாய், பின்னல் இப்பத்தான் எடுப்பா இருக்கு என்று அவர் சொன்னார். நீ கோபித்துக்கொண்டு போனை வைத்தாய், நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் உன்னைக் கேலி செய்யவில்லையடி. ஒரு வருஷமாகப் போனில் உன் குரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ இங்கிருந்து போகும்போது போட்டுக்கொண்டு போன பின்னலைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெட்டிவிட்டாய் என்று நான் சொல்லவில்லை, நீ வந்து காட்டு. அதற்குள் வளர்ந்துவிட்டால் திரும்ப வெட்டிக்கொண்டு வா.

உடம்பைப் பார்த்துக்கொள், பட்டியலை நம்பிப் பட்டினி கிடக்காதே, பசித்தால் பசிக்கிறது என்று ஒப்புக்கொள். வரும்போது பாதாம் ஒன்றுகூட வாங்கி வராதே. நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல், நோய் நொடி இல்லாமல், கண் நிறைய நல்லதைப் பார்த்துக்கொண்டு நீண்ட நாள் இருக்க வேண்டும். இந்தக் கடிதம் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது, போனில் உளறிவைக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. பின்னல் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னால், ஆமாம்ப்பா என்று சொல்லு.

குகையிலிருந்து,
உன்னை எதிர்பார்த்திருக்கும்
உன் அம்மா