சாப்பிட்டியா என்று கேட்கும் மேலாளர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

எங்கள் கிடங்கில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, எதில் சந்தோஷம் என்று எழுதச் சொன்னார்கள். மேலாளர், "ஞாயிறு முழுக்க யாரும் என்னோடு பேசாமல் இருப்பது" என்று எழுதினார். நான், "சாப்பிட்டாயா என்று யாராவது கேட்பது" என்று எழுதித் தொலைத்தேன்.

மறுநாளிலிருந்து மணி ஒன்றானால் வந்து நிற்கிறார்.

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

"சரி, நன்றி." தாளில் குறித்துக்கொண்டு போய்விட்டார்! தங்கமான மனுஷன், இல்லை என்றால் உன்னைப் போலத் திட்ட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது? (பிறகு சாப்பிட்டேன், கவலைப்படாதே.)

இரண்டு பனியனும் தலைவலித் தைலமும் அனுப்பு. வேலைக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டால், சாப்பிட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வேன். வாயாரத் திட்டு.

உன் மகன்