சைடு ஸ்டாண்டில் பார்த்த ஆயில்

இன்று காலை உங்கள் பைக் சீட்டைக் கழற்றியதும் அடியிலிருந்து என் நீலப் புடவை வந்தது. முழுப் புடவை இல்லை. கையகலத்துக்குக் கிழித்து மடித்து வைத்த ஆறேழு துண்டுகள், எல்லாவற்றிலும் ஆயில். எட்டு மாதமாகியும் வாடை போகவில்லை. போன மழைக்காலத்தில் இந்தப் புடவையை நான் வீடு முழுக்கத் தேடியபோது நீங்களும் கூடவே பீரோவுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தீர்கள். இவ்வளவு நடிக்கத் தெரிந்தவர் சினிமா எடுக்கிற டாலிகஞ்சில் குடியிருந்துகொண்டு ஸ்டூடியோ பக்கம் போகாமல் ரயில்வேயில் சேர்ந்தது அவர்களுக்குத்தான் நஷ்டம்.

மடல் எழுதுவது அன்பினால் என்று நினைத்துவிடாதீர்கள். நேரில் சண்டை போட ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

பதினாலு வருஷம் அந்த வண்டியில் எனக்குப் பின்சீட்டு மட்டும்தான். கல்யாணமாகி நான் முதன்முதலாக ஹவுராவில் வந்து இறங்கியபோது டூட்டி இருக்கிறது என்று நண்பரை அனுப்பினீர்கள். அடுத்த வாரம் தென்காசியிலிருந்து வண்டி பார்சலில் வந்தபோது லீவு போட்டுவிட்டு விடிவதற்கு முன்பே போய் நின்றீர்கள். அப்போதே அது பழைய வண்டி. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எதையாவது திருகிக்கொண்டிருப்பீர்கள். நான் ஸ்பேனரைத் தொட்டால் போதும், “வேண்டாம்ளா, கை அழுக்காகும்” என்பீர்கள். அடுப்படியில் கரிப்பிடித்த சட்டி தேய்க்கும் கைக்கு இந்தக் கரிசனத்தை ஒருநாளும் காட்டியதில்லை.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லித்தான் வெடித்தேன். நானும் சம்பாதிக்கிறேன், நியூ டவுன் ஆபீசில் என்னை நம்பி ஒரு டீமையே கொடுத்திருக்கிறார்கள், இந்த வீட்டில் ஒரு போல்ட்டைத் தொட எனக்கு யோக்கியதை இல்லையா என்று கேட்டேன். எழுந்து வந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை என் கையில் வைத்தீர்கள்.

“சரி, இனிமே ஆயில் உன் டிபார்ட்மெண்ட். கம்பிய நல்லா தொடச்சு முக்கிப் பாரு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்கணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்றீர்கள். அந்த வார்த்தைக்காக உங்களை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை மழை கொட்டியதால் வண்டியை எடுக்காமல் மெட்ரோவில் போனீர்கள். நான் லீவு. மாடிப்படிக்குக் கீழே வண்டி சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. நின்றபடியே கம்பியை எடுத்துத் துடைத்து, முக்கிப் பார்த்தேன். கீழ்க்கோட்டைக்கூட ஆயில் தொடவில்லை. ஊற்றினேன், பார்த்தேன், மறுபடி ஊற்றினேன். நடுவில் வந்து நின்றதும் எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது. சாயங்காலம் நீங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னேன்.

வண்டி சாய்ந்து நின்றால் உள்ளே இருக்கிற ஆயில் இடப்பக்கம் ஒதுங்கிவிடும், வலப்பக்கத்துக் கம்பியில் குறைவாகத்தான் தெரியும், நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லவில்லை. மறந்துபோய்க்கூட இல்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே உங்களுக்குத் தோன்றியிருக்காது. தெரிந்தவர்களின் திமிர் இதுதான். தங்களுக்குக் கைவந்த வேலை என்றால் ஊருக்கே பிறவியிலேயே வந்துவிட்டது என்று நினைப்பு.

வியாழன் காலை வண்டியைக் கிளப்பிச் சூடாக விட்டதும் கீழே ஆயில் சொட்டியது. பின்பக்கம் இறங்குகிற ஒரு ரப்பர் குழாயிலிருந்து வந்தது. குனிந்து பார்த்தீர்கள். என்னை ஒருமுறை பார்த்தீர்கள். துணியால் துடைத்துவிட்டு, ஏதோ சீல் போயிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றீர்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, நான் ஊற்றியதில் ஏதும் தப்பா என்று கேட்டேன்.

“ஒழுகுனா உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம்ளா. பழைய வண்டி ஒழுகலன்னாதான் பயப்படணும்.”

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு உங்கள் பின்னால் ஏறி உட்கார்ந்து மெட்ரோ வரைக்கும் வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மழையில், ட்ராம் தண்டவாளத்தின் மேல் வண்டி வழுக்கியது. சனிக்கிழமை காலை நீங்கள் இல்லை. மழை, ட்ராம் லைன், யாராக இருந்தாலும் விழுந்திருப்பார்கள் என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நம்பினேன். எட்டு மாதம் மழையைத் திட்டினேன், தண்டவாளத்தைத் திட்டினேன், விதியைக்கூடத் திட்டிப் பார்த்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மூடிப்போட்ட வண்டியை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று, ஆட்டோ ஸ்டாண்டு பக்கத்தில் பைக் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் உங்கள் மிஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் சீட்டைக் கழற்றினார், ப்ளக்கைத் துடைத்தார், புதுப் பெட்ரோல் விட்டு வண்டியைக் கிளப்பினார். கொஞ்சம் சூடாக விட்டு நிறுத்தினார். நடு ஸ்டாண்டில் ஏற்றி ஐந்து நிமிஷம் பொறுத்துக் கம்பியை எடுத்தார். மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்துக்கு ஆயில். என் முகத்தைப் பார்க்காமல் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார்.

என்ன என்று கேட்டேன். இரண்டு முறை ஒன்றுமில்லை என்றார். மூன்றாவது முறை கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டே வங்காளத்தில் சொன்னார். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் அளவு குறைத்துத்தான் காட்டுமாம். ஆயில் அளவுக்கு மீறினால் அந்தக் குழாய் வழியாகத்தான் கக்குமாம். பின்சக்கரத்துப் பக்கம்தான் சிந்துமாம். வியாழக்கிழமையே நீங்கள் கடைக்குப் போயிருக்கிறீர்கள். அதிகமாக இருப்பதை இறக்கிவிடட்டுமா, ஐந்து நிமிஷ வேலை என்று அவர் கேட்டிருக்கிறார். அவருக்கு நீங்கள் தாதா, அதாவது அண்ணன்; நான் பௌதி, அண்ணி.

“தாதா என்னைத் தொடவிடவில்லை பௌதி. என் பெண்டாட்டி ஊற்றியது, நீ கை வைக்காதே, ஞாயிற்றுக்கிழமை அவளே பார்த்து அவளே இறக்கட்டும் என்று சொல்லிச் சிரித்தார்.”

அதாவது உங்களுக்குத் தெரியும். சீல் போகவில்லை. என் மனசு நோகக் கூடாது என்று ஒரு பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்ற என் புடவை. நான் எழுவதற்கு முன்பே எழுந்து சக்கரத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து காபி கேட்டிருக்கிறீர்கள். ரசத்தில் ஒரு கல் உப்பு கூடினால் எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொல்கிற வாய்க்கு, “நீ ஊத்துனது ஜாஸ்தி” என்று சொல்ல என்ன கேடு வந்தது? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அதற்குப் பயந்தா அந்த வண்டியை மழையில் ஓட்டினீர்கள்? இதற்குப் பெயர் பெருந்தன்மை என்று யாராவது என்னிடம் சொல்லட்டும் பார்க்கலாம்.

பாவம் அந்த மிஸ்திரி, என்னைத் தேற்றத்தான் பார்த்தார். நீங்கள் துடைத்துத்தானே ஓட்டினீர்கள், அந்த லைனில் புது வண்டியும் வழுக்கும் என்றார். இருக்கலாம். தண்டவாளமா, நான் ஊற்றிய ஆயிலா என்று இனி எந்தக் கம்பியை முக்கிப் பார்த்தும் எனக்குத் தெரியப் போவதில்லை. நீங்கள் எனக்கு விட்டுப் போனது இதைத்தான்.

அதிகமானதை இறக்கிவிடுகிறேன் என்று அவர் ஸ்பேனரை எடுத்தார். கை வைக்காதீர்கள் என்றேன். சொன்ன பிறகுதான் அது உங்கள் வார்த்தை என்று உறைத்தது. அவரும் அதைக் கவனித்திருப்பார், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் போன பிறகு நானே இறங்கினேன். இட்லிக்கு ஊறவைக்கும் பழைய அலுமினியக் கிண்ணத்தை அடியில் வைத்தேன். போல்ட் மூன்றாவது முட்டுக்குத்தான் அசைந்தது. ஆயில் விரல்களில் வழிந்தது. கொஞ்சம் விட்டு, முறுக்கி, கம்பியைப் பார்த்து, மறுபடி விட்டேன். நடுவில் வந்ததும் நிறுத்தினேன். கிண்ணத்தில் இருந்ததைப் பார்த்தால் உங்கள் காபி டம்ளருக்கு ஒன்றரை டம்ளர் இருக்கும். அவ்வளவுதான்.

ஆபீசில் இப்போது எனக்கு நல்ல பெயர் இல்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தப்புச் செய்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளூர்ப் பெண் ஒருத்தி போன வாரம் பாத்ரூமில் போய் அழுதாள். அழுதுவிட்டு வந்து உட்கார்ந்து சரி செய்தாள், வீட்டுக்குப் போனாள். எட்டு மாதமாக எனக்கே காரணம் தெரியாமல் இப்படி ஆகியிருந்தேன். இனி காரணம் தெரிந்தே இப்படித்தான் இருப்பேன்.

கையை இன்னும் கழுவவில்லை. வண்டி நடு ஸ்டாண்டில் நேராக நிற்கிறது, கீழே அட்டை விரித்திருக்கிறேன், ஒரு சொட்டு விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றீர்கள். பார்த்துவிட்டேன். வந்து கம்பியை எடுத்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் தப்பு என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.