மூன்று நாள் உருகாத ஐஸ்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம், அப்பாவின் முழங்காலை மட்டும் இதில் சேர்க்காதே. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சொல்லச் சொல்ல வழக்கம்போல உன் தங்கைதான் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷமாகியும் கையெழுத்து முத்துப் போலத்தான் இருக்கிறது, வாயைத் திறந்தால்தான் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம். இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள், எழுதடி என்றேன்.

அங்கே குளிர் தாங்கவில்லை, உன் பழைய சாம்பல் நிறக் கம்பளியை அனுப்பு என்று கேட்டிருந்தாய். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஐஸ் பெட்டியின் உள்தகரத்தை அப்பா போன மாதம் புதிதாக அடித்தார். மேல்தட்டில் ஐஸ் வைத்தால் ஒன்றரை நாளில் கரைந்துவிடும், உனக்குத் தெரியுமே. போன வாரம் வைத்த கட்டி மூன்று நாள் தாங்கியது. அடித்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சொட்டவில்லை. எல்லாம் என் கைராசி என்று அப்பா மார்தட்டிக்கொண்டார். ஆனால் காய்ச்சி ஆறவைத்து உள்ளே வைத்த பால் மட்டும் மூன்று நாளும் திரிந்துபோனது. எனக்கு வந்ததே கோபம். மாடி ஜன்னலில் நின்று பால்காரரை, ஊத்துறது பாலா சுண்ணாம்புத் தண்ணியா என்று தெருவே கேட்கக் கேட்டுவிட்டேன். பத்து வருஷமா ஊத்துறேம்மா, யாரும் ஒரு சொல் சொன்னதில்ல என்று சொல்லிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அன்றைக்கே கீழ்வீட்டுத் தையல்காரரும் எதிர்வீட்டு நர்சம்மாவும் அவரிடம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். நாலு நாளாக ஆள் இந்தப் பக்கமே வரவில்லை. கலப்படம் செய்கிறவருக்கு அதுதான் சரி, நீயும் அங்கே பால் வாங்கும்போது

நேற்று இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் இவள் அழுகிறாள். உன் கம்பளியால் ஐஸைச் சுற்றிப் போர்த்தி வைத்தது இவள்தானாம். மேல்தட்டை இவளைத் தவிர யாரும் திறப்பதில்லை, அதனால் எங்கள் கண்ணில் படவில்லை. ஏன் போர்த்தினாள் தெரியுமா? நான் சலவைக்கடை வேலைக்குப் போன பிறகுதான் ஐஸ்காரர் வருவார். கதவைத் திறந்து அவரிடம் எத்தனை கிலோ என்று சொல்ல வெட்கமாம். கட்டி மூன்று நாள் வந்தால் மூன்று நாளைக்கு ஒருதரம் பேசினால் போதுமே! அடுத்த கட்டியோடு வந்தவர் கம்பளியைப் பார்த்துவிட்டு, போர்த்திவிட்டா ஐஸ் சுகமா தூங்கும் பாப்பா, பால்தான் முழிச்சிக்கிட்டுக் கிடக்கும், ஐஸ் உருகுனாத்தானே குளிர் கொடுக்கும் என்று சிரித்தாராம். அதற்குள் நான் கத்தி முடித்திருந்தேன். இவள் உண்மையை விழுங்கிவிட்டாள்.

அப்பா உடனே நொண்டிக்கொண்டே பால்காரர் வீட்டுக்குப் போய், காலையில் ஒரே ஒருதரம் வந்துவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். தெரு கேட்கத் திட்டியதற்குத் தெரு கேட்கத்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்று காலை அவருடைய சைக்கிள் மணிச்சத்தம் கேட்டதும் ஜன்னலுக்குப் போனேன். எட்டு வீட்டுக்குக் கேட்கும் என் தொண்டை, பார்த்து அப்போதா அடைத்துக்கொள்ள வேண்டும்! பக்கத்தில் நின்றவள் தலையை வெளியே நீட்டி, பால் மேல தப்பே இல்ல, நான்தான் ஐஸுக்குக் கம்பளி போர்த்துனேன் என்று ஒரு கத்துக் கத்தினாள் பார், தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டார். பால்காரர் அண்ணாந்து பார்த்து, ஏம்மா, ஐஸுக்குக் குளிருதுன்னா என்றார். தெருவே சிரித்தது. நர்சம்மாதான் முதல் ஆளாகப் பாத்திரத்தோடு இறங்கினாள். நானும் இறங்கிப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்பா மட்டும் இப்போது தகரத்தைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

கம்பளியைத் துவைத்துக் காயவைத்தாயிற்று, அடுத்த பார்சலில் வரும். மூன்று நாள் ஐஸையே உருகவிடாத கம்பளி, உன் உடம்புச் சூட்டையா விட்டுவிடும்? மறக்காமல் காதையும் சேர்த்துப் போர்த்திக்கொள். நோய் நொடியில்லாமல் நன்றாக இரு கண்ணா.

உன் அம்மா

அண்ணா, இது அம்மா சொல்லாமல் நான் எழுதுவது. இப்போதுதான் ஐஸ்காரர் வந்துவிட்டுப் போனார். அம்மா வீட்டில்தான் இருந்தார், ஆனாலும் கதவைத் திறந்தது நான்தான். பத்து கிலோ என்றேன்.